எண்பது மீட்டர்

காற்றாலை உச்சியில் எனக்கு
நாடித்துடிப்பு எழுபத்திரண்டு.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழி
ஆடிக்காற்று புகுந்து
கோபுரத்தை ஒரு முழம் அசைக்கும்.
தொட்டில் என்பான் டெல்பின்.
இடுப்புக் கொக்கியை மாட்டிவிட்டு
பொய்கை அணையைப் பார்த்தபடி
புளிச்சோறு தின்போம்.

தரையில்தான் தொந்தரவு.
04652 என்று தொடங்கும் ஓர் எண்
சட்டைப்பையில் அதிரும்.
உள்ளங்கை நனையும். நாக்கு ஒட்டும்.
அடிவயிற்றில் ஒரு படி
இல்லாமல் போகும்.

பேங்காக இருக்கும், மூணு தவணை பாக்கி.
இல்லை, பள்ளிக்கூடம்.
பயல் மறுபடி வலிப்பு வந்து விழுந்தானோ?
எடுக்குமுன்பே
இரண்டையும் வாழ்ந்து முடித்திருப்பேன்.

நேற்று அது கேஸ் ஏஜென்சி.
சிலிண்டர் வந்திருக்கிறதாம்.
வைத்துப் பத்து நிமிடம் ஆகியும்
இதயத்துக்கு அதை
யாரும் சொல்லியிருக்கவில்லை.

இன்று ஞாயிறு முடிந்த காலை.
நான் குளிக்கையில் அடித்தது.
ஸெலின் சாளை உரசிக்கொண்டிருந்தாள்.
புறங்கையால் தள்ளி, தோளில் இடுக்கி,
"ஆமா சாரே, மூணுதான்.
இருவதாந் தேதி ஒண்ணு தாறேன்.
மிச்சத்துக்கு ஓணம் கழியட்டு."
அவ்வளவுதான்.
அடுத்த சாளையை எடுத்தாள்.

அதே எண். அதே கடன்.
இவள் கொக்கி எதில் மாட்டியிருக்கிறது?
சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.
பாக்கு மரம், அலுமினியச் சட்டி,
விரலில் ஒட்டிய செதில்.
"சவத்த, என்ன முழிக்கீரு?" என்றாள்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும்
சட்டைப்பை அதிர்ந்தது.
கை தானாக இடுப்பைத் தடவியது.
பெல்ட் வேனோடு போய்விட்டது.
மூன்றாவது மணியில்
வெறும் இடுப்போடு
எடுத்தேன்.