மண்டி

பள்ளத்தூர் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் அறை.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட
வகுத்தல் கணக்கு, மீதி ஏழு.
நான் மை வைக்கிறவள்.
இடது சுட்டுவிரலுக்கு அப்பால்
இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது.

சுவரோரம் நான்கு முகவர்கள்.
சட்டையில் சின்னம் கூடாது,
வாயில் கட்சி கூடாது.
பன்னிரண்டு மணிவரை காத்தார்கள்.
பிறகு வயிரவன் தூக்குவாளியைத் திறந்தார்:
வெண்டைக்காய் மண்டி.

புளியும் பூண்டும் வெளியே போய்
வரிசையை ஒருமுறை எண்ணிவிட்டுத் திரும்பின.
இளையான்குடிப் பக்கத்துக்காரர் தலைமை அலுவலர்,
ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்
தெரியாத்தனமாகக் கேட்டார்,
"இதுக்கு ஏன் மண்டின்னு பேரு?"

"அரிசி களைஞ்ச தண்ணி சார்.
அடியில தங்குறது மண்டி.
சுத்தத் தமிழ், கலப்படம் கிடையாது."
"கலப்படம் இல்லாதது
அந்த வாளியில உப்பு மட்டுந்தான்" என்றார் உதுமான்,
காரைக்குடியில் காய்கறி மண்டி வைத்திருப்பவர்.
"மண்டின்னா சந்தை. வடக்கேருந்து வந்த சொல்லு.
அங்க வித்து மிஞ்சினத அள்ளிப் போட்டா
இந்த மண்டி."

மிஞ்சினது என்ற சொல்லில்
வயிரவனின் காது சிவந்தது.
கை மட்டும் நிற்காமல்
உதுமானுக்கு இன்னொரு கரண்டி ஊற்றியது.

பாகம்பிரியாள் மோர்மிளகாயைக் கடித்தபடி,
"சுத்தத் தமிழ்ல மிளகாயக் கிள்ளிப் போட்டிருக்கீகளே,
அது கப்பல்ல வந்தது.
அதுக்கு மட்டும் யாரு
குடும்ப அட்டை குடுத்தது?"

சுயேச்சையின் முகவர் சந்தனராசு,
முதல் தேர்தல், முதல் வாய்:
"பஸ் ஸ்டாண்டுகிட்ட அரேபிய மந்தின்னு
போர்டு வச்சிருக்கான், ஒருவேளை அதுதான்..."
"உக்காருப்பா."
மூன்று கட்சியும் ஒரே குரலில் பேசியது
அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

அதற்குள் வரிசைக்கும் தொற்றிவிட்டது.
மை காயுமுன் ஆளுக்கொன்று சொல்லிப் போனார்கள்.
பால்காரர், வண்டல் என்றார்.
தேவகோட்டை வக்கீல் ஒருவர்
மண்டியிட வைக்கும் ருசி என்று சொல்லிச்
சிரிப்புக்காக நின்றார்.
யாரும் சிரிக்கவில்லை, போய்விட்டார்.

தலைமை அலுவலர் மேசையைத் தட்டினார்.
"வாக்குச் சாவடிக்குள்ள யாரும் கருத்துச் சொல்லக் கூடாது!"
"சாவடி எந்த ஊர்ச் சொல்லு சார்?"
"மேசையுந்தான்" என்றார் உதுமான்.
அவர் தட்டிய கையை மெல்ல எடுத்துக்கொண்டார்,
யார் வீட்டுப் பொருளோ என்பதுபோல.

ஆறு மணி.
எந்திரப் பெட்டிக்கு அரக்கு.
நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும்.
உதுமானின் பேனா பாதிப் பேரில் தீர்ந்தது.
வயிரவன் தன்னுடையதை நீட்டினார்.
"மூடியையும் சேத்துத் திருப்பிக் குடுக்கணும்."

நாட்குறிப்பில் கடைசிக் கட்டம்:
அசம்பாவிதம் ஏதும் நடந்ததா?
இல்லை, என்று எழுதி
அவர் பெருமூச்சு விட்ட நேரம்,
"சார், அசம்பாவிதம்னா
நடக்க முடியாததுன்னுல்ல அர்த்தம்?
நடக்க முடியாதது எப்படி..."
வெளியே லாரி ஹாரன் அடித்தது.

மானாமதுரையில் எங்கள் வீட்டில்
அதே குழம்புக்குக் கழனிச்சாறு என்று பேர்.
பகல் முழுக்க நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.
சொல்லவில்லை.
மைப்புட்டியை மூடுமுன் சாய்த்துப் பார்த்தேன்.
அடியில் கொஞ்சம் தங்கியிருந்தது.