எழுபது வயதுவரை

தேர்வுக்கு இரண்டு நாள்.
செயிண்ட் லூயியில் மின்சாரம் போய்விட்டது.
கைபேசி வெளிச்சத்தில்
உஸூல் குறிப்பேட்டைப் புரட்டுகிறேன்.

உறுதியாய் இருந்தது,
மாறியது உறுதியாகும்வரை
இருந்தபடியே இருக்கும்.
பெயர்: இஸ்திஸ்ஹாப்.
ஓரத்தில் என் கையெழுத்து:
கூடவே வா என்று கேட்பது.
நேற்றை இன்றைக்குத்
துணைக்கு அழைத்துக்கொள்வது.

கடன் வாங்கியது தெரியும், அடைத்தது தெரியாது:
கடன் நிற்கிறது.
கிணற்று நீர் தூய்மை,
நிறமோ ருசியோ மணமோ
வேறு சொல்லும்வரை.

உளூ முறிந்ததா என்ற சந்தேகத்துக்கு மட்டும்
நம் மாலிக்கி மத்ஹபில் வேறு பதில்.
மறுபடி செய் என்கிறார்கள்.
செய்யலாம்.
தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது,
கை கால் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த பக்கம், காணாமற்போனவன்.
பாடத்தில் அவன் பெயர் எப்போதும் ஸைத்.
ஸைத் பயணம் போனான்.
ஸைத்தைப் பற்றிச் செய்தி இல்லை.
ஸைத்துக்கு
முழங்காலில் தழும்பு இல்லை,
தொழுகைக்குப் பிந்திவரும் பழக்கம் இல்லை,
கனாரித் தீவுக்குப் போகும் படகில்
எண்பத்து மூன்று பேரோடு ஏறி
"காற்று நல்லாயிருக்கு, சிக்னல் போகப்போகுது" என்று
தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னதும் இல்லை.

டெம்பா சொன்னான்.
ஐந்து வருடமாகிறது.

ஜனாஸா தொழவில்லை.
உடல் இல்லாமல் தொழுவது
இங்கே வழக்கமில்லை.
அண்ணி நாஃபி காழியிடம் போனாள்.
துறைமுகங்களுக்குக் கடிதம் போயிற்று,
நுவாதிபுவுக்கு, தாக்லாவுக்கு.
பதில் வராமல் தேடல் ஓய்ந்த நாளிலிருந்து
நான்கு வருடம்.
படகு போன நாளிலிருந்து அல்ல.
அதை அவள் முதலில் தப்பாக எண்ணி
ஒரு முறை அழுது முடித்திருந்தாள்.

வரும் வியாழன் நான்கு நிறைகிறது.
பிறகு இத்தா, நான்கு மாதம் பத்து நாள்.
பிறகு அவள் யாரையும் மணக்கலாம்.

ஆனால் அவன் சொத்து?
எழுபது வயதுவரை
பங்கு பிரிக்கக் கூடாது.
அவனுக்கு இப்போது முப்பத்து நான்கு.
சொத்து என்றால்,
படகில் ஆறில் ஒரு பங்கு,
ஒரு வலை,
என் கட்டிலுக்கடியில் தார்ப்பாயில் சுற்றிய
நாற்பது குதிரைத்திறன் மோட்டார்.

மனைவிக்கு இறந்தவன்
மோட்டாருக்கு உயிரோடிருக்கிறான்.
ஒரே ஆள்,
ஒரே கடல்.
விதியில் ஓட்டை என்று
வகுப்பில் எழுந்து நின்றேன்.
வேர்க்கடலை உடைத்துக்கொண்டே
கும்பா சொன்னாள்:
"கடலில் என்ன நடந்தது என்று சட்டம் சொல்லவே இல்லையே.
காத்திருப்பதால்
கரையில் யாருக்கு வலிக்கிறது என்று
பார்க்கிறது, அவ்வளவுதான்.
மோட்டாருக்கு வலிக்காது."
தீங்கு நீக்கப்படும்:
அதற்கு முந்தைய பாடம்.
நான் அன்று வகுப்புக்கு வரவில்லை,
மோட்டாரை விலைபேச வந்தவனை
விரட்டிக்கொண்டிருந்தேன்.

துரு வலிதான், கும்பா.
கடற்காற்றுக்கு மத்ஹப் இல்லை.
மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை,
நாஃபிதான் தார்ப்பாயை விலக்குவாள்.
பழைய துணியில் எண்ணெய் தொட்டு
ஒவ்வொரு திருகாய்த் துடைப்பாள்.
ஐந்து வருடம்
ஒரு வெள்ளி தவறவில்லை.

இப்போது கதவைத் தட்டுகிறாள்.
கையில் எண்ணெய் டப்பா,
துணி சுருட்டி மேலே வைத்திருக்கிறது.
என் நாட்காட்டியில்
நூற்று முப்பது நாளை எண்ணித் தரச் சொல்கிறாள்.
நிலவு மாதம், நாள் முன்பின்னாகும் என்கிறேன்.
"பரவாயில்லை, எண்ணு."
எண்ணுகிறேன்.
மழைக்காலத்தில் போய் முடிகிறது.

டப்பாவைக் குறிப்பேட்டின்மேல் வைக்கிறாள்.
"எனக்கு அவ்வளவுதான்.
உனக்கு இன்னும் முப்பத்தாறு வருஷம்.
கார்புரேட்டர் பக்கம்
அதிகம் ஊற்றாதே."

தேர்வில் ஸைத்தைப் பற்றிக் கேட்டால்
எழுதிவிடுவேன், ஆதாரங்களோடு, வரிசையாக.

டப்பாவின் அடியில் ஈரம்.
இஸ்திஸ்ஹாப் என்ற சொல்லைச் சுற்றி
எண்ணெய் வட்டம் ஒன்று பரவுகிறது.
எழுத்து இன்னும் தெரிகிறது.
பின்பக்க எழுத்தும்
சேர்ந்து தெரிகிறது.