ஆட்கள்: பூஜ்யம்

யார்க்டனில் பிப்ரவரி.
வண்டியிலிருந்து கடைவாசலுக்கு இருபது அடி;
அதற்குள் மூக்குமுடி விறைத்துவிட்டது.
ஒரெஸ்ட் ஹ்னாடியுக்கின் சலவைக்கூடத்தில்
இயந்திரம் பதினாறு, உலர்த்தி எட்டு,
கொதிகலன் ஒன்று. அது சாகக் கிடக்கிறது.

"பழையதைப் போலவே ஒன்று, மார்லா,
விலை மட்டும் கொஞ்சம் சின்னதாய்."
பழையதை வைத்தவன் தரையை அளந்து
ஒரே எண்ணால் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறான்.
ஆளைப் பார்க்காமல் சட்டை தைத்த கதை.
தேவைக்கு இருமடங்கு;
எரியும், அணையும், எரியும், அணையும்,
விக்கல் எடுத்தே பாதி ஆயுளைத் தொலைத்தது.

சுவரைத் தட்டுகிறேன்:
ஐம்பத்தெட்டில் கட்டிய செங்கல்,
உள்ளே பஞ்சு இல்லை. காற்றும் ஒரு எலியும்.
மேற்குக் கண்ணாடி பதினாலு சதுர மீட்டர், ஒற்றைத் தகடு.
வெளியே மைனஸ் முப்பத்து நாலு, உள்ளே இருபது.
பெருக்கினால்
நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் வாட்
அந்தக் கண்ணாடி வழியாக மட்டும் தெருவுக்குத் தானம்.
தெரு நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

உலர்த்திகள் இன்னும் மோசம்.
சூடாக்கிய காற்றைக் குடித்துக் குடித்துப்
பின்சந்தில் ஊதுகின்றன.
போனதற்கு ஈடாகக் கதவிடுக்கில் நுழைவது
எதிலும் முட்டாமல் வயல் வயலாய் ஓடிவந்த காற்று.
வந்த விருந்தாளியைச் சூடாக்குவது ஒரெஸ்டின் செலவு.

கோடைத் தாள் வேறு.
ஜூலை, மாலை ஐந்து மணி, அதே மேற்குக் கண்ணாடி.
குளிரூட்டியை இங்கே டன்னில் சொல்வார்கள்:
ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகக்
குடிக்கும் சூடு.
ஜூலையில் ஒவ்வொரு மனிதரும் பாரம்.
சும்மா உட்கார்ந்திருந்தாலும் நூறு வாட்,
பழைய குண்டு பல்புக்குச் சமம்.
மூச்சின் ஈரத்துக்குத் தனி வரி.

குளிர்காலத் தாளிலோ மனிதரே கிடையாது.
ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு,
விளக்கு அணைந்து, கடை காலி
என்று வைத்துத்தான் கணக்கு.
உடம்புச் சூட்டை நம்பிக் கொதிகலன் வாங்கக் கூடாது.
ஆட்கள் என்ற கட்டத்தில் பூஜ்யம்.
இருபத்தோரு வருடமாகப் போடுகிறேன்,
கை நின்றதில்லை.

"கோடைக்குச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர்?"
"ஆறு."
"இப்போது?"
"ஆறுதான்."
நான் எண்ணுகிறேன்: பதினொன்று.
அதில் துணி கொண்டுவந்தவர்கள் நாலு.
ஓடாத இயந்திரத்தின் முன் ஒருவர்
அது சுழல்வதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
ஐந்தாம் உலர்த்தியின் கதவில்
ஈரக் காலுறையை ஒட்டிப் பிடித்திருக்கிறாள் ஒரு பெண்,
அதில் யாருடைய போர்வைகளோ உருள்கின்றன.
ஒரெஸ்ட் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
பார்க்காமலிருப்பதில் நல்ல தேர்ச்சி.

"எத்தனை மணிக்கு மூடுவீர்கள்?"
"பத்து. பலகையில் போட்டிருக்கே."
"அப்போ இரவில் பன்னிரண்டு டிகிரிக்கு இறக்கிவிடலாம்.
குழாய் உறையாது. எரிவாயுவில் நல்ல மிச்சம்."

சில்லறைப் பெட்டியின் சாவியை
மேசையில் ஒரு சுற்று சுற்றிவிட்டார்.
அது நிற்கும்வரை பேசவில்லை.

"இறக்க வேண்டாம்."
"பத்துக்கு மேல் யார் இருக்கப்போகிறார்கள்?"
"இயந்திரத்துக்கு ஆகாது. பெல்ட் சுருங்கும்."

பன்னிரண்டு டிகிரியில் பெல்ட் சுருங்காது.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவருக்கும்.

இரவு வெப்பநிலை: இருபது.
காரணம்: பெல்ட்.
ஆட்கள் என்ற கட்டத்துக்கு வந்தபோது
பேனா மை உறைந்ததுபோல் ஒரு கணம்.
பிறகு விதிப்படி பூஜ்யம்.

கிளம்பினேன். வாசலில் நின்று,
இந்தக் கதவு ஒரு நாளில் எத்தனை முறை திறக்கும் என்று
தாளில் குறிக்க மறந்தது நினைவு வந்து
பாதி திறந்தபடி யோசித்தேன்.

பதினொரு தலையும் திரும்பி
ஒரே குரலில் கத்தின:
"கதவு!"