பூஜ்யம் எழுதுகிறவள்

காலையில் முப்பத்தேழு வீடு.
கேட்பது ஒரே கேள்வி:
கொப்புளம் உண்டா,
காலில், கையில், நாயின் தொடையில்?
இல்லையென்றால் கட்டத்துக்குள் ஒரு பூஜ்யம்.
பதினொரு மாதமாய் அதைத்தான் போடுகிறேன்.
"ரெமாஜி, உன் பேனாவுக்கு
வேறெழுத்து மறந்திருக்கும்" என்பான்
மீன்காரன் ஜிமெத்.

ஷாரி ஆறு வற்றிக்
குட்டை குட்டையாய்க் கிடக்கும் மாதங்களில்தான்
எனக்கு ஓட்டம் அதிகம்.
கண்ணுக்குப் பிடிபடாத நீர்ப்பூச்சி,
அதன் வயிற்றில் அதைவிடச் சின்னப் புழு,
ஒரு குவளைத் தாகத்தோடு உள்ளே போகும்.
போனது தெரியாது.
சோளம் விதைத்து, அறுத்து, தின்று தீர்த்து,
நடுவே ஒரு பிள்ளையும் பெற்று,
மறுபடி சோளம் விதைக்கிற நாளில்
கணுக்காலில் நெருப்பாய் ஒரு கொப்புளம்.
எரிச்சல் தாங்காமல் காலைக் குட்டையில் வைப்பாய்.
அதற்குத்தான் அது ஓராண்டு காத்திருந்தது.
தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் கலந்தாற்போல் இருக்கும்.
அவ்வளவுதான்.
அடுத்த ஆண்டு எரியப்போகும் கால்கள் எல்லாம்
அங்கேயே முடிவாகிவிடும்.

நரம்புச்சிலந்திக்கு
ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது.
தலைநீட்டும் வெள்ளை நூலைக்
குச்சியில் சுற்றிச் சுற்றி
நாளுக்கு ஒரு விரற்கடை இழுக்க வேண்டும்.
அவசரப்பட்டால் அறுந்து உள்ளேயே சீழ்கட்டும்.
பொறுமையை மருந்தாகத் தருகிறவள் நான்.
எனக்கு எவ்வளவு பொறுமை என்று
என் புருஷனைக் கேட்டால் சொல்வான்.

ஆகவே,
வருமுன்னே:
துணியில் வடிகட்டிக் குடி.
மீன்குடலை முழங்கை ஆழத்தில் புதை.
நாயைக் கட்டு.
இந்தக் கடைசிக்குத்தான் சண்டை.
"நாயென்ன ஆடா, கொழுக்கட்டுமென்று கட்டிப்போட?"
சோல்கெம் கதவைச் சாத்தினாள்.
மூன்றாம் நாள் தானே கயிறு திரித்தாள்.

சங்கடம் இதுதான்:
நான் ஒழுங்காய்ச் செய்தால்
எதுவுமே நடக்காது.
நடக்காததை யார் வந்து பார்ப்பது?
வராத கொப்புளத்துக்காக
எந்தத் தாயும் எனக்குக் கோழி கொண்டுவந்ததில்லை.

நேற்று மாலை
குரைப்பை நிறுத்திவிட்டுப்
பின்னங்காலையே நக்கிக்கொண்டிருந்தது போசோ.
என் நாய்.
விளக்கை இறக்கிப் பார்த்தேன்.
வெள்ளையாய், நகத்து நீளம்.
அசைந்தது.

யாரும் பார்க்கவில்லை.
சனிக்கிழமை மேற்பார்வையாளர் வருவார்;
பன்னிரண்டாவது மாதமும் சுத்தம் என்றால்
ஊர்ப்பெயரைப் பலகையில் எழுதுவதாகப் பேச்சு.
இருட்டில் உட்கார்ந்து
பின்னோக்கி எண்ணினேன்.
போன வருஷம், மழைக்கு முன்,
என் மகன் கெளுத்தி அரிந்த நாள்.
மண்வெட்டி இரவல் போயிருந்தது.
குழி நாளைக்குத் தோண்டலாம் என்றேன்.
நான்தான் சொன்னேன், நாளைக்கு என்று.
சங்கிலிக்கு எட்டும் தூரத்தில் கிடந்த குடல்
விடிந்தபோது இல்லை.
காக்கை என்று நினைத்துக்கொண்டேன்,
அதற்கு மேல் நினைக்க மனமில்லாமல்.

வேலியே மேய்ந்தது என்று சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
பொய்ப் பூஜ்யத்துக்குக் கால் முளைக்கும்,
அது நேரே குட்டைக்குத்தான் நடக்கும்.
கட்டத்தில்
ஒன்று
என்று எழுதினேன்.
மை வரவில்லை. உதறிவிட்டு
மறுபடி எழுதினேன், அதே இடத்தில், அழுத்தி.

சங்கிலியைப் பாதியாய்ச் சுருக்கினேன்.
இரவெல்லாம் ஊளை.
தூங்கவில்லை என்று
வேலிக்கு அப்பாலிருந்து ஜிமெத் கத்துகிறான்.
முப்பத்தேழு வீட்டிலும் சொல்ல வேண்டும்.
முதலில் சோல்கெம் வீடு.
கதவைச் சாத்துவாள்.