நான்காம் பாடம்

கோயமுத்தூர் போனபோது பாடப் புத்தகத்தைப்
பன்னிரண்டு பிரதி எடுத்து வந்தேன்.
ஜெராக்ஸ்காரர் தாளைச் சாய்த்து வைத்துவிட்டார்;
எந்த வரியிலும் முதல் எழுத்து இல்லை.
சுவாசம் என்று வாசித்துவிட்டு
விசுவாசம் என்று திருத்திக்கொள்வோம்.

புதன்கிழமை, ஏழரை மணி.
சோமனூரில் தபீத்தாள் வீட்டு முன்னறை.
சுவருக்கு அந்தப்புறம்
கிட்டுசாமியின் தறிக் குடோன், பதினாறு தறி.
டம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருக்கும்.
பஞ்சுத் தூசி வேதப் புத்தகத்தின் நடுவில் வந்து உட்காரும்.
வசனத்தைக் கத்தித்தான் வாசிப்போம்.
"மெதுவாக, தியானித்து வாசிக்கவும்" என்று போட்டிருக்கிறது;
எழுதியவர் எந்த ஊரோ.

பிறகு ஒவ்வொருவராய் ஜெபிப்பார்கள்.
வாய் அசைவது தெரியும், அவ்வளவுதான்.
உதடு நின்றதும் ஆமென் என்பேன்,
குழுத் தலைவி என்பதால் கொஞ்சம் ஓங்கி.
மூன்று வருஷம் இப்படி.

நான்காம் பாடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவோம்.
தலைப்பு: அமைதி.
பயிற்சி: ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவும்.
தேவன் உணர்த்தியதைக் கீழே எழுதவும்.
புள்ளிக்கோடு மூன்று.

ஆனி மாதம் கூலியை ஏற்றிக் கேட்டுத்
தறிகளை நிறுத்தினார்கள்.
எட்டாம் நாள் புதன்கிழமை.
எங்களுக்குப் பேசவே தெரியவில்லை.
யோவேல் தண்ணீர் கேட்டது
பஸ் ஸ்டாப் வரை போயிருக்கும்.
சிரித்தோம். அந்தச் சிரிப்பும் பெரிதாக இருந்தது.

கடைசியில் சுகிர்தம்.
கோன் சுற்றுகிறவள். முழங்காலில் நின்று
நீளமாய் ஜெபிக்கிறவள் என்று நாங்கள் மெச்சுகிற சுகிர்தம்.
கண்ணை மூடியதும்
பழைய தொண்டையிலேயே ஆரம்பித்தாள்:

"ஆண்டவரே, நவமணியக்காளுக்கு
அந்த ஏழாயிரத்தைத் திருப்பிக் குடுக்கோணும்ங்கற
மனசைக் குடுங்க.
அக்கா நல்லவங்கதான், மறந்துட்டாங்களாட்ட இருக்குது.
நானா வாய்விட்டுக் கேக்க மாட்டேன்,
அது உமக்கே தெரியும்..."

அவள் குரல் அவளுக்கே கேட்டுவிட்டது.
கண்ணைத் திறந்தாள்.
யோவேல் பாயின் கோரையை எண்ணத் தொடங்கினார்.

மறக்கவில்லை.
பையனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்த வருஷம்
சீட்டு எடுத்த பணம், கவரைப் பிரிக்காமல் கொடுத்தாள்.
அதற்கப்புறம் எத்தனை புதன்கிழமை.
அத்தனைக்கும் ஓங்கி ஆமென் சொன்னது நான்.

"நாலாம் பாடம் எடுக்கலாமுங்களாக்கா?"
என்றாள் தபீத்தாள், பாவம் பார்த்து.

ஐந்து நிமிடம்.
முதலில் காது தறியைத் தேடியது.
பிறகு சுவருக்கு அப்பால் கிட்டுசாமி இருமினார்.
அவர் மனைவி துளசிமணி
அடகுச் சீட்டை வட்டியோடு கூட்டிக்கொண்டிருந்தாள்,
வாய்க்குள்ளேயே, தப்பாக, திரும்ப முதலிலிருந்து.
எத்தனை வருஷமாய் அவர்களும் இருமினார்களோ,
எண்ணினார்களோ.
எல்லோரும் குனிந்து எழுதினார்கள்.
நான் புள்ளிக்கோட்டில் 7000 என்று எழுதினேன்.
அடித்தேன். மறுபடி எழுதினேன்.

ஜெபித்து முடிக்க வேண்டியது தலைவி.
அன்றைக்கு என் குரல் எனக்குப் பழக்கமில்லாமல் இருந்தது.
சுகிர்தத்திடம் சொல்ல வேண்டியதைக்
கர்த்தரிடம் சொல்லப் பார்த்தேன்; பாதியில் திரும்பி
அவளிடமே சொன்னேன்.
அப்புறம் கிட்டுசாமி பெயரையும், அவர் வீட்டம்மா பெயரையும்,
கூலியையும் சேர்த்துக்கொண்டேன்.
சுவருக்கு அந்தப்புறம்
எண்ணுவது நின்றது.

பதினெட்டாம் நாள் பேசி முடித்தார்கள்,
கேட்டதில் பாதிக்கு.
தறி ஓடுகிறது. தண்ணீர் நடுங்குகிறது.
ஆடிக்குள் இரண்டாயிரம் கொடுத்துவிட்டேன்.
இன்றைக்கும் சுகிர்தம் முழங்காலில் நிற்கிறாள்,
உதடு அசைகிறது.
ஆமென் சொல்வதற்கு முன்னால்
பாயோடு நகர்ந்து
அவள் வாயருகே காதை வைக்கிறேன்.

"அக்கட்டால போங்க்கா," என்கிறாள்
கண்ணைத் திறக்காமலே.
"இது வேற."