பதினொரு நிமிடம், நாற்பது விநாடி

ஒரு மனிதன் கதவைத் திறக்கிறான்.
இவ்வளவுதான் கதை என்றால்
எந்தத் தயாரிப்பாளரும் சிரிப்பார்.
தயாரிப்பாளர் நான்தான்.
சிரித்துவிட்டுத் தொடங்கினேன்.

கமெரா கொக்குவில் ஸ்டூடியோவினுடையது.
கலியாணவீடு, சாமத்தியவீடு என்றால்
அது எனக்கில்லை.
கலண்டரில் எல்லோரும் முகூர்த்தம் தேட
நான் அட்டமி, நவமி, கரிநாள் தேடினேன்.
நல்லநாள் ஒன்றுகூட இல்லாத வாரத்தில்
என் படப்பிடிப்பு.

கதவைத் திறப்பவன் குகதாசன்.
பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்டர்.
மூன்றாம் நாள் மொட்டைத் தலையோடு வந்தான்.
"நேர்த்தி அக்கா.
சன்னதியான் பொறுக்கமாட்டார்,
நீங்கள் பொறுப்பீங்கள்."
மிச்சப் படம் முழுக்க அவனுக்குத் தொப்பி.

வசனம் ஒன்றே ஒன்று:
"சும்மா வந்தனான்."
அதை இங்கிலீசில் போட ஒரு கிழமை.
காரணமில்லை என்று போட்டேன்,
வேலையில்லை என்று போட்டேன்,
ஒன்றுமில்லை என்று போட்டேன்.
சும்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது?
வந்தனானுக்குள் ஒளிந்திருக்கும்
அந்த நானை யார் இறக்கிவிடுவது?

பிறகு சத்தம்.
கதவு திறந்தபின் வரும் அமைதிக்குள்
ஒவ்வொரு டேக்கிலும் பாண் ஓட்டோ.
அதே மெட்டு, அதே சந்தி, அதே கணம்.
நிப்பாட்டிக் கெஞ்சினேன்.
"இசையை நிப்பாட்டினால் ஆர் தங்கச்சி பாண் வாங்குவினம்?"
நியாயம்தான். மாலுபணிஸ் இரண்டு வாங்கினேன்.
ஆறு இரவு ஹெட்போனோடு இருந்து
அந்த மெட்டைக் கழுவினேன்,
உடுப்பில் பட்ட வாழைக்கயரைப் போல.

நுழைவுக் கட்டணம் முப்பது டொலர்.
என் வங்கி அட்டையை அவர்கள் ஏற்கவில்லை.
ஸ்கார்பரோவில் மச்சாள் தர்மினி கட்டினாள்.
ரூபாயில் பெருக்கிப் பார்க்கக்கூடாது
என்று முடிவெடுத்தேன்.
பெருக்கினேன்.

பதினேழு மறுப்புக் கடிதம்.
"இம்முறை என்றுமில்லாதளவு படங்கள் வந்ததால்…"
எல்லா முறையும் இம்முறைதான்.
ஒருவர் மட்டும் அன்பாக ஒரு வரி கூட்டியிருந்தார்:
யாழ்ப்பாணம் என்கிறீர்கள்,
யுத்தம் எங்கே?
பதிலெழுதி அனுப்பவில்லை.
குப்பையிலும் போடவில்லை.

பதினெட்டாவது ஓம் என்றது.
பெயரைச் சொல்ல நாக்கு மூன்றுதரம் இடறும் ஒரு குளிர்ப் பட்டணம்.
அழைப்பு வந்தது, விசா வரவில்லை:
நான் திரும்பி வருவேன் என்பதற்கு
ஆதாரம் போதாதாம்.
படத்திடம் யாரும் அதைக் கேட்கவில்லை,
அது போய்ச் சேர்ந்தது.
விடியப்புறம் இரண்டரைக்கு
போன் திரைக்குள் இருட்டு மண்டபம்.
ஒரு பெண் எழுந்து தணிந்த குரலில் கேட்டாள்,
அந்தத் தொப்பிக்குக் கீழே இருப்பது காயமா?

மயிர் வளர்ந்துகொண்டிருந்தது என்றேன்.
லைன் இழுத்தது.
அவர்களுக்கு எது கேட்டதோ,
கைதட்டினார்கள்.

ஊரில் காட்டினது
திருநெல்வேலியில் ஒரு ரியூசன் கொட்டிலில்.
வாங்கு நிரம்ப இருபத்துமூன்று பேர்.
வெண்பலகைதான் திரை.
அழியாத ஒரு இரசாயனச் சமன்பாடு
குகதாசனின் நெற்றிக்குக் குறுக்கே கிடந்தது.
அவன் கடைசி பஸ் எடுக்கவேணும் என்று
தன் முகம் முடியமுதல் எழும்பிப் போனான்.

ஏழாம் நிமிடம்.
கதவு திறந்துவிட்டது.
நான் கழுவி வைத்த அமைதி.
அதற்குள் வெளியே, ஒழுங்கையால்,
பாண் ஓட்டோ.

ஒருவரும் திரும்பவில்லை.
படத்துக்குள்ளிருந்துதான் வருகிறது என்று இருந்தார்கள்.
பின்வாங்கில் ஒருவர் மட்டும்
செருப்பைத் தேடிக் கொழுவிக்கொண்டு போய்
ஒரு றாத்தல் பாணோடு திரும்பி
பக்கத்து ஆளிடம் மெல்லக் கேட்டார்:
"உள்ளுக்குப் போயிட்டானே?"

"இல்லை. இன்னும் வாசலிலதான் நிக்கிறான்."

மற்றவர் அரங்கி இடம்விட்டார்.
கொட்டில் முழுக்கப் பாண் வாசம்.