ஐந்து மீட்டருக்கு ஒரு பை

ஐந்து மீட்டருக்கு ஒரு பை.
துணிப்பை, சுருக்குக் கயிறு, மேலே மையில் ஆழம்.
சல்லடையில் வந்து விழும் உடைசலைக்
கழுவி, உலர்த்தி,
ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பது என் வேலை.
எண்ணெய் இருந்தால் மஞ்சளாய் மினுங்கும்.
இல்லையென்றால் மண் மண்ணாகவே கிடக்கும்.

வடகட்டளை, ஒன்பதாம் எண் கிணறு.
மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி,
இறங்கி வரப்பில் பத்து நிமிடம்.
வரப்பு என்பது வாய்ப்பழக்கம்.
லாரி போக கிராவல் கொட்டி ஆறு மாதமாகிறது.

எழுபத்திரண்டு பேர் வேலை செய்யும் தளத்தில்
பெண்ணுக்கென்று ஒரு கழிப்பறை
வரைபடத்தில்கூட இல்லை.
ஷிப்டுக்கு மூன்று முறை
அஞ்சம்மாள் வீட்டுக் கொல்லைக்குப் போவேன்.
கிணறு நிற்பது அவள் நிலத்தில்.
கொல்லைக் கதவு வந்தது குத்தகைப் பணத்தில்.
"எவ்ளோடி போயிருக்கு?" என்பாள்.
ஆயிரத்து நூறு மீட்டர்க்கா.
"எனக்கு நூத்தம்பது அடி போர்லயே காத்துதான் வருது."

மேட்டூர் திறக்காத வருடம் அது.
ஜூன் பன்னிரண்டு போய் ஆடிப்பெருக்கும் போய்
வாய்க்காலுக்குள் ஆடு மேய்ந்தது.
தண்ணி வந்துச்சா என்பதே
ஊரில் காலை வணக்கம்.
தளத்திலும் அதே கேள்விதான்,
வேறு வயிற்றிலிருந்து.
அஸ்ஸாமிலிருந்து வந்த கோகோய்
தமிழில் முதலில் கற்றது அந்த ஒரு வாக்கியம்.
தண்ணி வந்தால் அவருக்குக் கிணறு செத்தது.

எழுநூறில் களி.
ஆயிரத்து நானூறில் சிப்பித்தூள்,
அமிலம் ஒரு சொட்டு விட்டால் சீறும்.
இரண்டாயிரத்தைத் தாண்டியதும் மணல்,
மூலை மழுங்கி, உருண்டு உருண்டு,
ஏதோ ஓர் ஆறு வெகுதூரம் உருட்டியது.
அதற்குப் பெயர் வைக்க
அப்போது யாருக்கும் வாய் இல்லை.

அஞ்சம்மாள் மகன் வீரசேனன்
பகலில் எங்களுக்கு சிமென்ட் மூட்டை தூக்குவான்.
மாலையில் கடைத்தெருவில்
எங்களை எதிர்க்கும் பந்தலில் இருப்பான்.
ஒருநாள் மைக் பிடித்தான்.
மறுநாள் மூட்டையை இறக்கிவிட்டுக் கேட்டான்:
"மேடம், நல்லாப் பேசுனனா?"
நன்றாகத்தான் பேசியிருந்தான்.

இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பதில்
சோதனைக் குழாய் உறுமியது.
எல்லோரும் தீப்பந்தப் பக்கமே பார்த்து நின்றோம்.
வந்தது வெந்நீர்.
கடலைவிட உப்பு.
கோகோய் தொப்பியைக் கழற்றி
அதற்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்தார்.

விடிகாலை, கொல்லை வாசலில்
தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டேன்:
தண்ணி வந்துடுச்சுக்கா.
ஒரு நொடி,
ஒரே ஒரு நொடி அவள் முகம் போன இடம்
எந்தப் பையிலும் எழுத முடியாத ஆழம்.
உப்பு, என்றேன்.
அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.
"அப்ப வேலை முடிஞ்சுது.
வீரசேனனுக்கு இந்த மாசக் கூலி வந்துருமில்ல?"

தண்ணீர் நிறைந்த கிணற்றுக்கு
எங்கள் தாளில் பெயர் வறண்ட கிணறு.
அப்படித்தான் எழுதிக் கையெழுத்திட்டேன்.
சிமென்ட் விட்டு அடைத்து
எண் பொறித்த தகட்டை வைத்தார்கள்.
ஒரு பிடி மணலை எடுத்து வைத்துக்கொண்டேன்
என்று எழுத ஆசைதான்.
நானூற்று அறுபத்தெட்டுப் பை,
எண்ணி ஒப்படைத்தேன்.

பத்தாம் எண் கிணறு வலங்கைமான் பக்கம் என்கிறார்கள்.
தளத்தைப் போய்ப் பார்த்துவிட்டேன்.
பக்கத்தில் வீடு எதுவும் இல்லை.